மட்டக்களப்பில் ஒரு வெள்ளிக்கிழமை

ஜூன் 9, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். சுண்ணாம்பு மலைகள் வெளிறிக் கிடந்தன. அக்காவை ரத்தம் கழுவும் நிலையத்தில் விட்டுவிட்டு வேலைக்கு. திங்கள், புதன், வெள்ளி. அக்காவின் சிறுநீரகங்கள் நின்றுபோனதிலிருந்து, மூன்று வருடமாக எங்கள் வீட்டில் மற்ற கிழமைகளுக்கு மதிப்பில்லை.

புது வேலை: 'இலங்கையில் அதிகம் அறியப்படாத, அவசியம் பார்க்க வேண்டிய இடங்கள்.' பயண ஏஜென்சியின் வலைப்பக்கத்துக்கு. முதலாளி வள்ளியப்பன் அண்ணனின் தாத்தா வட்டிக்குக் கொடுத்த அதே கடையில்தான் பேரன் பிளேன் டிக்கெட் விற்கிறார்.

"கண்டி, நுவரெலியால்லாம் எல்லாரும் போயிட்டு வந்துட்டாங்கம்மா. யாரும் போகாத எடமா போடு. ஆனா பஸ் போகணும்."

யாரும் போகாத இடம். ஆனால் பஸ் போகவேண்டும். சுற்றுலா என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

நான் இலங்கைக்குப் போனதில்லை. மலேசியாவை விட்டு வெளியே போனது சிங்கப்பூருக்கு ஒரு முறை, வேலைக்கான நேர்காணலுக்கு. கிடைக்கவில்லை. வேறெங்கும் இல்லை. ஆனால் என் எழுத்தை நம்பி மக்கள் பெட்டி கட்டுகிறார்கள்.

சாயங்காலம் முதல் பத்தியை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கழுவிவிட்டு வந்த நாளில் அவள் எழுந்து உட்காரமாட்டாள். படுத்தபடியே கேட்டாள்.

"மறைந்திருக்கும் சொர்க்கமா? சொர்க்கம்னா செத்தாதானே போவ முடியும். அடிச்சிரு அத."

"அண்ணனுக்குப் பிடிக்கும்."

"இந்த வீட்டுல எல்லாருமே கழுவுறவங்கதான் லா. அம்மா கேண்டின்ல மங்கு, தட்டு கழுவுறாங்க. நான் ரத்தம் கழுவுறேன். நீ ஊரெல்லாம் கழுவித் தொடைச்சு விக்கிற."

அம்மா அடுப்படியிலிருந்து: "வாயி மட்டும் கழுவாம கெடக்கு இவளுக்கு."

ஐஸ் கட்டி ஒன்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். இன்றைக்கு அவளுக்கு அதற்குமேல் தண்ணீர் இல்லை.


ஜூன் 11, புதன்

விடியற்காலை மழை. சாக்கடை நிறைந்து எங்கள் புந்தோங் பேட்டை முழுக்க ஒரே வாடை.

எழுந்ததும் முதல் வேலை, அக்காவின் இடது மணிக்கட்டில் காதை வைப்பது. மெஷின் ஊசிக்காக அங்கேதான் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தோலுக்கடியில் ரத்தம் ஓடும் ரீங்காரம். தினமும் தொட்டுப் பார்க்கவேண்டும், சத்தம் நின்றால் உடனே வரவேண்டும் என்பது நிலையத்து நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸி, சொல்லிக்கொடுத்தது. அக்காவுக்குத் தன் விரலால் தொட்டுப் பார்க்கப் பயம். நான்தான் கேட்பேன்.

"பாடுதா?"

"பாடுது."

மூன்று வருடமாக எங்கள் காலை வணக்கம் இதுதான்.

மதியம் அலுவலகத்தில் மட்டக்களப்பைப் பற்றிப் படித்தேன். வாவி. கல்லடிப் பாலம். பௌர்ணமி இரவுகளில் தண்ணீருக்கடியிலிருந்து ஒரு சத்தம் வருமாம். மீன் பாடுகிறது என்கிறார்கள் ஊரார். மீன் இல்லை, நத்தை என்கிறார்கள் சிலர். படகில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையில் காதை வைத்தால் தெளிவாகக் கேட்குமாம்.

அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு: "அங்க போவணும்."

தாப்பாவில் பஸ் கவுண்டரில் எட்டு வருடம் டிக்கெட் கிழித்தவள். கேமரன் மலைக்கு உலகத்தையே ஏற்றிவிட்டிருக்கிறாள். எங்காவது போகவேண்டும் என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.


ஜூன் 14, சனி

வெயில். துணி துவைத்தேன். நானும் அம்மாவும் பஜாரில் மீன் விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பினோம்.

வேலைக்கான பட்டியலுக்குப் பக்கத்தில் எனக்காக இன்னொன்று. வள்ளியப்பன் அண்ணனுக்கு 'எப்படிப் போவது', எனக்கு 'ரத்தம் கழுவும் மெஷின் எங்கே'.

நெடுந்தீவு. காட்டுக் குதிரைகள், பவளக் கல் மதில்கள். படகு. மெஷின் கடலுக்கு அந்தப் பக்கம். கடல் கோபித்தால் இல்லை.

மன்னார். பெருக்குமரம், தெருவில் திரியும் கழுதைகள். மெஷின்? தெரியாது.

மீமுரே. மலைகளுக்கு நடுவே கிராமம். பாதையே சந்தேகம்.

ரிட்டிகல. காட்டுக்குள் துறவிகள் விட்டுப்போன கல் மேடைகள். துறவிகளே விட்டுப்போன இடம்.

எழுத எழுத ஒன்று புரிந்தது. ஓர் இடம் அதிகம் அறியப்படாமல் இருப்பதற்குக் காரணம் அதன் அழகு அல்ல. பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை என்பதுதான். அதை யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை.

இன்னொன்றும். அதிகம் அறியப்படாத என்றால் யாருக்கு? அங்கேயே பிறந்தவனுக்கு அது ஒன்றுதான் அறியப்பட்ட இடம்.

இலங்கை மலைநாட்டு ஹப்புத்தளைப் படத்தை அம்மா எட்டிப் பார்த்தாள். மூடுபனி, தேயிலை, வரிசையாகத் தகரக் கூரை வீடுகள்.

"இது தோட்டத்து லயமில்ல?"

"ஆமாம்மா."

"இதப் பாக்கவா பிளேன் ஏறிப் போறாங்க? நாங்க அதுலேர்ந்து தப்பிச்சு வந்தோம்."

"எங்கம்மா தப்பிச்சோம்," என்றாள் அக்கா. "நீங்க ஒருநாள் விட்டு ஒருநாள் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டுனீங்க. இப்ப என்னைய வெட்டுறாங்க. அதே ஒருநாள் விட்டு ஒருநாள்தான்."

அம்மா சிரிக்கவில்லை. "ஓய்வு குடுக்காட்டி மரம் தாங்காது," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.


ஜூன் 17, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

மட்டக்களப்பில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். ஏஜென்சி போனில். வள்ளியப்பன் அண்ணனுக்குத் தெரியும். தெரியாதமாதிரி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மிஸி எடுத்தார். நடுவயதுக் குரல். நான் பதற்றத்தில் வீட்டுப் பேச்சிலேயே பேசிவிட்டேன்.

"வணக்கம் மிஸி. மலேசியாலேர்ந்து பேசுறேன். எங்க அக்காவுக்கு அங்க ஒரு நாள் ரத்தம் கழுவணும்."

"ரத்தம் கழுவவா? விளங்கல்லியே மகள். எதுல பட்ட ரத்தம்? உடுப்பிலயா?"

"இல்ல, உடம்புல."

"காயமா?"

"காயமில்ல மிஸி. உள்ள இருக்கற ரத்தம்."

"உள்ளுக்கு இரிக்கிறத எப்பிடிகா கழுவுற?"

"மெஷின்ல!"

அந்தப் பக்கம் வெடித்துச் சிரித்தார். "டயலிசிஸ்! அப்பிடிச் சொல்லுங்களன். நான் என்னவோ கொலைக் கேஸாக்கும் எண்டு பயந்துபோயித்தன்."

மலாய்க்காரர்கள் 'ரத்தம் கழுவுவது' என்றுதான் சொல்வார்கள். நாங்கள் அதை அப்படியே தமிழில் போட்டுக்கொண்டோம். எங்கள் தமிழுக்கு வெளியே அது கொலையாகத்தான் கேட்கும்போல.

மிஸி சொன்னது: டாக்டர் கடிதம் வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஒரு மாதத்துக்குள் எடுத்தவையாக இருக்கவேண்டும். ஜூலை 11 வெள்ளி காலை இடம் இருக்கலாம், கேட்டுச் சொல்கிறேன்.

அடுத்த பௌர்ணமி ஜூலை 10, வியாழன்.

புதன் இங்கே கழுவிவிட்டு விமான நிலையத்துக்கு பஸ், இரவு பிளேன். வியாழன் கொழும்பிலிருந்து கார், அன்று இரவு படகு. வெள்ளி அங்கே மெஷின். திங்கள் இங்கே மெஷின். சரியாகப் பொருந்துகிறது. பொருந்துவதுதான் பயமாக இருக்கிறது.


ஜூன் 20, வெள்ளி

டுரியான் பழப் பருவம். நிலையத்துக்கு எதிரிலேயே லாரி போட்டு விற்கிறார்கள். அக்காவுக்கு உயிர், இப்போது ஆகாது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தாள், நாற்றத்துக்காக இல்லை.

டாக்டர் மறுக்கவில்லை. சம்மதித்தார் என்றும் சொல்லமுடியாது. "Boleh" என்றார். முடியும். பிறகு அக்காவைப் பார்த்து, தண்ணீர் கவனம் என்றார். கடிதம் கொடுத்தார். ரத்தம் எடுத்தார்கள்.

பக்கத்து மெஷின் லிம் அங்கிள், "ஹாலிடேயா? ஆஹா, பணக்காரி!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி. அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரும் பொறாமைப்படவில்லை. அவர்கள் அவளைப் பார்த்த விதத்தை எழுதத் தெரியவில்லை. கூண்டுக்குள்ளிருந்து இன்னொரு கூண்டு திறப்பதைப் பார்ப்பதுபோல என்று எழுதிப் பார்த்தேன். இல்லை. அவர்கள் யாரும் கூண்டு என்று நினைப்பதில்லை. நான்தான் நினைக்கிறேன்.


ஜூன் 27, வெள்ளி

புகைமூட்டம். கண் எரிச்சல்.

மிஸி செய்தி அனுப்பிவிட்டார். 'வெள்ளி காலை ஒன்பது மணி. மெஷின் உங்கட அக்காவுக்கு.' கீழே ஒரு மீன் படம்.

வள்ளியப்பன் அண்ணன் டிக்கெட் போட்டுக்கொடுத்தார். "சும்மா இல்லம்மா. போயிட்டு வந்து அந்த மீன்கதையை நேர்ல பாத்த மாதிரி எழுதணும். அதான் முதல் எடம். நெடுந்தீவு ரெண்டாவது."

பட்டியல் கட்டுரை ஏற்கெனவே வெளியாகிவிட்டது. 'பௌர்ணமி இரவில் தண்ணீருக்கடியில் பாடும் மீன்கள்' என்று முதல் வரி. சொர்க்கம் இல்லை.

அக்கா போனில் அதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். "ஏய் புரொபசர், இதுல ஒரு தப்பிருக்கு. 'கேட்கலாம்'னு எழுதியிருக்க. 'கேட்கக்கூடும்'னு போடு. பாடலன்னா காச திருப்பிக் கேப்பாங்க."

புதிதாக ஒரு சட்டை வாங்கினாள். இரண்டு கையும் முழுநீளம். ஊசி போட்டுப் போட்டுப் புடைத்த கையை அங்கே யாரும் பார்க்க வேண்டாமாம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெட்டி இப்போதே வாசலில் நிற்கிறது, நம்பிக்கை வரவில்லை. சில வீடுகளில் நல்ல செய்தி வந்தால் யாரும் உட்காரச் சொல்வதில்லை. எப்படியும் கிளம்பிவிடும் என்று தெரியும்.


ஜூலை 8, செவ்வாய்

பகலில் புழுக்கம். சாயங்காலம் அம்மன் கோயில். நாளைக்குப் பயணம் என்பதால் அம்மா அர்ச்சனை வைத்திருந்தாள். பூசாரி மஞ்சள் கயிற்றைச் சாமி பாதத்தில் வைத்து எடுத்துவந்தார். எனக்கும் அக்காவுக்கும்.

"பொம்பளப் புள்ளைக்கு எடது கை," என்றார்.

நீட்டினோம். கட்டினார். மூன்று முடிச்சு.

திரும்பும்போது பெருமழை. பஸ் நிறுத்தத்தில் மூவரும் நனைந்தோம். அக்கா தலையை அண்ணாந்து வாயைத் திறந்து மழையைக் குடிப்பதுபோல் நடித்தாள். "இது கணக்குல சேராது லா."

அம்மா அடிக்கக் கை ஓங்கினாள், சிரித்துவிட்டாள். அம்மா சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

கடவுச்சீட்டு, கடிதம், பரிசோதனை முடிவுகள், மாத்திரை, ஐஸ் போடும் பிளாஸ்க். சரிபார்த்தேன். தூங்கப் போகிறேன்.


ஜூலை 9, புதன்

பாடவில்லை.

காதை அழுத்தி வைத்தேன். இன்னும் மேலே. முழங்கைவரை. என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது.

"பாடுதா?" அக்கா கண்ணைத் திறக்காமல்.

நான் காதை எடுக்கவில்லை. அவள் கண்ணைத் திறந்தாள். முதல் முறையாகத் தன் விரலால் தானே தொட்டுப் பார்த்தாள். அந்த இடம் இறுகிப்போய் ஒரு கயிறுபோல இருந்தது. அதற்கு மேலே இன்னொரு கயிறு. மஞ்சள். நனைந்து காய்ந்து தோலில் பதிந்திருந்தது. கையை மடித்துத் தலைக்கடியில் வைத்துத் தூங்கியிருக்கிறாள்.

நாங்கள் இருவரும் அதையே பார்த்தோம்.

வாட்ச் கட்டக்கூடாது என்றார்கள். வளையல் கூடாது என்றார்கள். அந்தக் கையில் பை தூக்கக்கூடாது, பிரஷர் பார்க்க விடக்கூடாது. எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். மிஸியே பிரஷர் பார்க்க அந்தக் கையைப் பிடித்தால்கூட அக்கா சண்டைக்குப் போவாள். சாமி கயிற்றுக்கு மட்டும் நீட்டிவிட்டாள். பக்கத்தில் நான் நின்றேன். அம்மா நின்றாள். அது ஒரு பொருள் என்றே எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை.

அக்கா பல்லால் கடித்தே அறுத்தாள். என் கையில் வைத்து மூடினாள். "அம்மாட்ட வாயத் தொறக்காத."

பெரியாஸ்பத்திரி. உறைந்த ரத்தக் கட்டியை எடுக்க முயன்றார்கள். மணிக்கணக்கில். வரவில்லை.

பஸ் போயிருக்கும்.


ஜூலை 10, வியாழன்

வானம் துடைத்துவிட்டதுபோல். எங்கள் ஊரில்கூட இன்றைக்கு நிலா நன்றாகத் தெரியும்.

கழுத்தில் குழாய் வைத்து நேற்று மாலை கழுவினார்கள். இந்தக் கை முடிந்தது என்றார் டாக்டர். வலது கையில் தைக்கலாம். நாளங்கள் மெலிந்திருக்கின்றன, பிடிக்குமா தெரியாது. பிடித்தாலும் ஊசி தாங்கும் அளவுக்குப் பழுக்க மாதங்கள். கழுத்துக் குழாயோடு எங்கும் போகக்கூடாது, தொற்று வந்தால் ஆபத்து.

அம்மா டாக்டரை வராந்தாவில் மறித்தாள். அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். காலையிலிருந்து அக்காவின் வெறும் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"டாக்டர், tali. கயிறு. அதுனாலயா?"

மலாய்க்கார டாக்டர், சின்ன வயது. யோசித்தார். "Susah nak cakap, makcik." சொல்வது கஷ்டம் அம்மா. கயிறாக இருக்கலாம், பிரஷர் இறங்கியிருக்கலாம், கையை மடித்துப் படுத்ததாக இருக்கலாம். நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியவில்லை.

அம்மா உள்ளே வந்து கட்டிலருகில் நின்றாள். தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு.

"கயிறு இல்லம்மா," அக்காவாகவே. "தலைக்கடியில வெச்சுத் தூங்கிட்டேன். என் தலைதான் கனம்னு உங்களுக்குத் தெரியுமே."

அம்மா என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். என்னுடையது இன்னும் இருந்தது. அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு மழையில் இறுகிவிட்டது. நகத்தால் பிறாண்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள். அவிழவில்லை.


ஜூலை 11, வெள்ளி

மேகமூட்டம். நேற்றிரவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

காலையில் பழக்கதோஷத்தில் அக்காவின் கையை எடுத்துக் காதில் வைத்துவிட்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. 'பாடுதா?' என்று கேட்கவும் இல்லை.

பழைய நிலையம், பழைய நாற்காலி, கழுத்துக் குழாய். லிம் அங்கிள் பார்த்தார், செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பக்கம் திருப்பவே இல்லை.

வள்ளியப்பன் அண்ணன் செய்தி: 'கட்டுரைய படிச்சுட்டு பாகான் செராய்லேர்ந்து ஒரு குடும்பம் மட்டக்களப்பு கேக்குது. அக்கா எப்படி?' இந்த வரிசையில்தான்.

பதினொன்றரைக்குப் போன். வெளிநாட்டு எண். அங்கே ஒன்பது.

"மகள், எங்க நிக்கிறீங்க? வழி தெரியல்லியா? மெஷினைத் தயார் பண்ணி வெச்சிக்கிட்டு இரிக்கம்."

எல்லாவற்றையும் ரத்து செய்தேன். பிளேன், கார், அறை. இதைச் செய்யவில்லை. மறந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சொன்னேன். கை, கட்டி, கழுத்து. கயிற்றைச் சொல்லவில்லை. மிஸி நடுவில் "ஐயோ" என்றார், இரண்டு தடவை. பின்னால் அங்கே ஏதோ ஒரு மெஷின் மணியடித்துக்கொண்டிருந்தது. இங்கேயும் ஒன்று.

அக்கா கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன்.

"மிஸி, நான்தான் அந்த அக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நேத்து பௌர்ணமி. பாடுச்சா?"

சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தாள். எனக்கும் கேட்டது.

"உண்மையச் சொல்லவா? நான் பிறந்ததே இஞ்சதான். ஒவ்வொரு நாளும் அந்தப் பாலத்தாலதான் வேலைக்கு வாறன். ஒரு நாளும் கேட்டதில்ல மகள். மோட்டர் சைக்கிள் சத்தம்தான்."

அக்கா சிரித்தாள். கழுத்துக் குழாய் ஆடியது. இங்கத்து மிஸி தூரத்திலிருந்து அதட்டினார். "கேட்டியா புரொபசர். 'கேட்கக்கூடும்'னு மாத்தச் சொன்னேன்ல?"

போன் என் கைக்கு வந்தது.

"மகள், வெளிய ஒரு ஐயா காத்துக்கிட்டு இரிக்கிறார். கிராமத்திலிருந்து வந்தவர். இந்த இடத்த அவருக்குக் குடுக்கவா?"

அக்காவைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"குடுங்க மிஸி," என்றேன்.